நீரறிந்து தூண்டில் போடுக

பெங்களூர்வாழ் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்

தாமிரபரணிக் கரையிலோ காவிரியின் கிளைவாய்க்கால் ஓரத்திலோ பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தூண்டில் ஒரு புதுமை அன்று. ஒரு மூங்கிற்கழி, நான்கு முழ நரம்பு, வளைந்த முள், கொட்டாங்கச்சி நிறைய மண்புழு ஆகியவை இருந்தால் போதும். வாய்க்காற் பாலத்தில் உட்கார்ந்து பொழுது சாய்வதற்குள் ஒரு குழம்புக்குக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்துவிடலாம். அங்கே நாள் பார்க்கும் அவசியமும் இல்லை, இடம் தேடும் தொல்லையும் இல்லை. வாய்க்காலில் நீர் வந்தது. நீரோடு மீனும் வந்தது.

பிழைப்பை நாடிப் பெங்களூருக்கு வந்து குடியேறியுள்ள நம்மவர்களின் நிலைமை வேறு. இங்கே ஆறு கிடையாது. ஓய்வு கிடைப்பதோ ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். பிள்ளைகள் மீனைக் கடைப் பலகையில் கண்டிருக்கிறார்களே தவிர நீரில் கண்டதில்லை. அவர்களை ஒருநாள் கரைக்கு அழைத்துச் சென்று, தக்கை அமிழும் அந்தக் கணத்தின் இன்பத்தைக் காட்டவேண்டும் என்ற ஆசை தகப்பன்மார் பலருக்கு உண்டு. அந்த ஆசை நிறைவேற வேண்டுமானால் இரண்டு கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை கண்டாக வேண்டும். எப்பொழுது போவது என்பது ஒன்று. எந்த நீருக்குப் போவது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியே முதன்மையானது. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

நீர் எங்கிருந்து வருகிறது?

பெங்களூர், கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின்மீது அமைந்த நகரம். மேட்டின் மேற்குச் சரிவில் விழும் நீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் கலந்து, கனகபுரத்துக்கு அப்பால் சங்கமம் என்னுமிடத்தில் காவிரியை அடைகிறது. கிழக்குச் சரிவின் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேருகிறது. கன்னட மக்கள் தட்சிண பினாகினி என்று அழைப்பது நம் தென்பெண்ணையைத்தான்.

ஆறில்லாத இவ்வூர் ஏரிகளைக் கொண்டே வாழ்ந்தது. பிறகு 1894இல் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933இல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் அர்க்காவதி நீர் கொண்டுவரப்பட்டது. 1974 முதல் காவிரி நீரே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேற்றி இறைக்கப்பட்டு வருகிறது. வந்த நீர் நம் சமையலறையிலும் குளியலறையிலும் பயன்பட்டபின் எங்கே போகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அது முன்சொன்ன இரு சரிவுகளிலும் இறங்குகிறது. வழியிலுள்ள ஏரிகளில் தங்குகிறது.

அதன் விளைவை நாம் கண்கூடாகக் கண்டிருக்கிறோம். பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கி, 2015இலும் 2017இலும் தீப்பற்றி எரிந்த செய்தி உலகெங்கும் பரவியது. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. ஆகவே நகரத்து ஏரியில் உணவுக்காகத் தூண்டில் போடலாகாது என்பதை முதல் விதியாகக் கொள்ளவேண்டும். சாக்கடை நீரிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் மீனின் உடலில் சேரக்கூடியவை. கொதிக்கவைப்பதனால் அவை நீங்குவதில்லை. சிறு குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அவற்றால் தீங்கு மிகுதி.

நகரத்தைவிட்டு வெளியே சென்றுவிட்டால் போதும் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2018 முதல் பெங்களூரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டுக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது. நிலத்தடி நீர் ஊறுவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. கோடையிலும் ததும்பி நிற்கும் ஏரியைக் கண்டு மகிழ்வதற்குமுன், "இந்தத் தண்ணீர் மழைத் தண்ணீரா, குழாய்வழி வந்ததா?" என்று கரையில் ஆடு மேய்ப்பவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லிவிடுவார். மழையையும் காட்டோடையையும் மட்டும் நம்பி நிற்கும் சிற்றூர் ஏரியே நமக்கு உகந்தது.

ஆண்டின் பருவங்கள்

ஏற்ற நீரைத் தேர்ந்தபின் ஏற்ற காலத்தைத் தேரவேண்டும். நம் ஊர்ப்பக்கம் மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும் நினைவுக்கு வரும். இங்கே கணக்கு வேறு. சித்திரை வைகாசியில் பிற்பகல் இடிமழை பெய்யும். ஆனியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் மழை மிகுதி. தை மாசி வறண்ட காலம்.

மார்கழி தை மாதங்களில் இவ்வூர்க் குளிர் நமக்கு இதமாயிருந்தாலும் மீனுக்கு அப்படி இல்லை. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் வெதுவெதுப்பான நீரில் சுறுசுறுப்பாக மேய்பவை. நீர் குளிர்ந்தால் அவற்றின் பசி மந்தமாகிவிடும். ஆகையால் அம்மாதங்களில் விடியற்காலையில் விழித்தெழுந்து ஓடுவதனால் பயனில்லை. வெயில் ஏறி, கரையோரத்து ஆழமற்ற நீர் சூடேறும் முற்பகல் பதினொன்று முதல் பிற்பகல் மூன்று வரையே ஏற்ற பொழுது.

மாசியின் பிற்பகுதியிலிருந்து சித்திரை வரை தூண்டிற்காரனுக்கு நல்ல காலம். நீர் வெதுவெதுப்பாகி, ஏரி சுருங்கி, மீன்கள் எஞ்சியுள்ள ஆழத்தில் கூடுகின்றன. ஆனால் கோடை முற்றி நீர் மிகவும் குறைந்துவிட்டால் பிடிப்பது எளிதென்றாலும், மூச்சுக்குத் தவிக்கும் மீனைப் பிடிப்பதில் பெருமை ஏதும் இல்லை.

ஆனி முதல் ஆவணி வரை இனப்பெருக்கக் காலம். பெருங்கெண்டைகள் பெருகியோடும் ஆற்றிலேதான் முட்டையிடும்; தேங்கிய ஏரிநீரில் இடுவதில்லை. ஏரிகளில் நாம் காணும் கட்லாவும் ரோகுவும் குஞ்சுகளாகக் கொண்டுவந்து விடப்பட்டவை. முற்காலத்தில் அக்குஞ்சுகளை ஆற்றிலிருந்தே சேகரிக்க வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10 அன்று ஒரிசாவில் டாக்டர் ஹீராலால் சௌதுரி, மீனுக்குச் சுரப்புநீர் ஊசியிட்டு முட்டையிடச் செய்வதில் வெற்றி கண்டபிறகே பண்ணைகளில் குஞ்சு உற்பத்தி செய்யும் வழி திறந்தது. ஜூலை 10 இன்று தேசிய மீன்வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. பண்ணைகள் பெருகியிருந்தும், மழைக்காலத்தில் ஆற்று மீனுக்கு ஓய்வு கொடுப்பதே அறிவுடைமை. அரசாங்கம் தடைக்காலம் அறிவித்திருந்தால் அதை மீறலாகாது என்று சொல்லவும் வேண்டுமோ?

புரட்டாசி ஐப்பசி மழை ஓய்ந்து, கலங்கிய நீர் தெளியத் தொடங்கும் நவம்பர் மாதம் மற்றொரு நல்ல பருவம். புதுநீரில் உண்டு கொழுத்த மீன் அப்பொழுது கிடைக்கும்.

நாளின் பொழுது

கடற்கரை ஊர்களிலிருந்து வந்த அன்பர்கள் அமாவாசையும் பௌர்ணமியும் பார்த்துப் புறப்படும் வழக்கமுடையவர்கள். கடலிலும் கழிமுகத்திலும் அக்கணக்கு மெய்யே. ஓதம் ஏறுவதும் இறங்குவதும் மதியைப் பொறுத்தவை. ஏரியில் ஓதம் இல்லை. இங்கே பார்க்கவேண்டியவை வெப்பமும் காற்றும் உயிர்வளியும் ஆகும்.

வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்துள்ள உயிர்வளி குறைகிறது. கடல் மட்டத்தில் 20 டிகிரி வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே தாங்கும். உயரமான இவ்வூரில் இன்னும் சற்றுக் குறைவு. பாசியும் நீர்ச்செடியும் பகலில் உயிர்வளியை வெளியிடுகின்றன. இரவிலோ தாமே அதை உட்கொள்கின்றன. ஆகவே பாசி படர்ந்த ஏரியில் விடியும் நேரத்தில்தான் உயிர்வளி மிகவும் குறைந்திருக்கும். அந்நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டால், பசியால் வந்தவை என்று எண்ணி மகிழவேண்டாம். அவை மூச்சுக்குத் திணறுகின்றன. அத்தகைய ஏரியைவிட்டு வேறிடம் போவது நல்லது.

தெளிந்த நல்ல ஏரியில் கோடைக்காலத்து விடியலும், வெயில் தாழ்ந்த மாலையும் சிறந்த பொழுதுகள். வானம் மூடி, மெல்லிய காற்று வீசும் நாளில் நடுப்பகலிலும் மீன் மேயும். காற்று எந்தக் கரையை நோக்கி வீசுகிறதோ அந்தக் கரையில் உட்காருங்கள். அலை அங்கே மிதக்கும் இரையைக் கொண்டுவந்து சேர்க்கும்; நீரையும் கலக்கி உயிர்வளி ஊட்டும். முகத்தில் காற்றடிப்பது சிறிது தொல்லையாயினும் கூடை நிறையும்.

எந்த மீனுக்கு எந்த இரை?

பிள்ளைகளுக்கு முதற்பாடம் ஜிலேபிக் கெண்டையிடம் கற்பிக்கலாம். 1952இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன் இன்று இல்லாத ஏரி அரிது. சிறிய முள், ஒரு துண்டு மண்புழு, கரையிலிருந்து பத்தடி தூரம், இவை போதும். அடிக்கடி கடிக்குமாதலால் பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டாது. உள்ளூர் மீன்களை நெருக்கித் தள்ளும் இனமாகையால் இதை எத்தனை பிடித்தாலும் ஏரிக்கு நட்டமில்லை.

ரோகுவுக்கும் மிர்காலுக்கும் மாவுருண்டை ஏற்றது. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, தவிடும் ராகிமாவும் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்துகொள்ளவும். உட்காரும் இடத்தில் முதலில் இரண்டு பிடியை நீரில் தூவிவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தால் மீன் கூடும். மிர்கால் அடிநீரில் மேயும், ரோகு நடுநீரில், கட்லா மேல்நீரில். தக்கைக்கும் முள்ளுக்கும் இடையிலுள்ள நரம்பின் நீளத்தை அதற்கேற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளவேண்டும். பலர் வெறுங்கையோடு திரும்புவது இந்தச் சிறு நுட்பத்தைக் கவனியாததனால்தான்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி முள்ளில் சிக்கினால் அதைத் திரும்ப நீரில் விடவேண்டாம். கண்டதையும் விழுங்கி ஏரியைப் பாழாக்கும் அம்மீனை வளர்ப்பதற்கு இந்திய அரசாங்கம் 2000ஆம் ஆண்டில் தடைவிதித்தது. அழுக்கு நீரிலும் வாழ்வதாகையால் அது அகப்பட்ட இடத்து நீரைப் பற்றியும் ஐயம் கொள்வது நலம்.

விராலும் அதன் பார்ப்பும்

விராலைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். நம்மவர்களுக்கு அதன்மீதுள்ள விருப்பம் எல்லாரும் அறிந்ததே. நோயிலிருந்து எழுந்தவனுக்கு விரால் குழம்பு கொடுப்பது வழக்கம். காற்றை நேரே சுவாசிக்க வல்லது. ஆதலால் சேற்றிலும் பிழைத்துக்கிடக்கும். தாமரை இலைகளுக்கும் கோரைக்கும் நடுவே பதுங்கியிருந்து சிறுமீனையும் தவளையையும் பாய்ந்து பிடிக்கும்.

மழைக்காலத்தில் ஏரியோரத்தில் செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றாகத் திரண்டு, நீர் கொதிப்பதுபோல் மேலே வந்து வந்து போவதைக் காணலாம். அவை விராலின் பார்ப்புகள். அவற்றின் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன. அந்நேரத்தில் குஞ்சுகளுக்கு நடுவே எது விழுந்தாலும் பெற்றவை பகை என்று கருதிப் பாய்ந்து தாக்கும். இதை அறிந்த சிலர் அவ்விடத்தில் குறிவைத்துத் தூண்டில் வீசிப் பெரிய விராலை எளிதில் பிடித்துவிடுகின்றனர். மீன் அங்கே பசியால் கடிக்கவில்லை, பிள்ளையைக் காக்கக் கடிக்கிறது. பெற்றவற்றை இழந்த குஞ்சுகளை மற்ற மீன்கள் சிறிது நேரத்தில் தின்று தீர்த்துவிடும். ஒரு விராலுக்காக ஒரு தலைமுறையே போய்விடுகிறது. செந்நிறக் குஞ்சுகளைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்; பிள்ளைகளுக்கு அக்காட்சியைக் காட்டுங்கள். பிடித்த மீனைவிட அது நெடுநாள் நினைவில் நிற்கும்.

காவிரியும் மகசீரும்

பெங்களூரில் தூண்டிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் காவிரியின் மகசீரைப் பற்றிப் பேசாமல் இரார். 1946இல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினியில் 120 பவுண்டு எடையுள்ள மகசீரைத் தூண்டிலில் பிடித்தார். பிற்காலத்தில் பீமேசுவரி, கலிபோரே முதலிய இடங்களில் முகாம்கள் அமைத்து, மீனைப் பிடித்து எடைபார்த்துத் திரும்ப ஆற்றில் விடும் முறையில் அயல்நாட்டாரும் வந்து தூண்டில் போட்டனர். அவ்விடங்கள் காவிரி வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. 2010க்குப் பின்வந்த ஆண்டுகளில் அங்கே தூண்டில் போடுவது நிறுத்தப்பட்டது. பழைய கதைகளைக் கேட்டு இன்று அங்கே தூண்டிலோடு செல்வது சட்டப்படி குற்றமாகும்.

அக்கதையில் ஒரு சோகமும் உண்டு. காவிரிக்கே உரிய திமில் மகசீர் வேறெந்த ஆற்று அமைப்பிலும் இல்லை. 1970களிலிருந்து பண்ணையில் வளர்த்த நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகள் நல்லெண்ணத்தோடு காவிரியில் விடப்பட்டன. வந்த இனம் பெருகியது. சொந்த இனம் அருகியது. அணைகளும், மணல் அள்ளுதலும், வெடிவைத்து மீன் பிடிக்கும் கொடுமையும் அதற்குத் துணைபோயின. திமில் மகசீருக்கு உரிய விஞ்ஞானப் பெயர் இன்னது என்று உறுதியானதே 2018இல்தான். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. இன்று அது எஞ்சியுள்ள சில இடங்களில் நீலகிரியை ஒட்டி ஓடும் நம் மோயாறும் ஒன்று.

அனுமதியும் அபாயமும்

ஏரி பொதுச்சொத்து என்றாலும் அதிலுள்ள மீன் பெரும்பாலும் ஒருவருக்கு உரியது. மீன்வளத் துறையோ ஊராட்சியோ மீன்பிடி உரிமையைக் கூட்டுறவுச் சங்கத்துக்கோ குத்தகைக்காரருக்கோ கொடுத்திருக்கும். அவர் காசு கொடுத்துக் குஞ்சு விட்டிருக்கிறார். ஆகவே முதல் வாரமே ஒருமுறை சென்று, உரியவரைக் கண்டு, கட்டணம் இருந்தால் கொடுத்து, அனுமதி பெற்றுவருவது முறை. வேற்றூரில் பிழைக்க வந்த நாம் ஊராரோடு மனத்தாங்கல் கொள்ளாதிருப்பதற்கும் இதுவே வழி. நாலு வார்த்தை கன்னடத்தில் பேசினால் நல்ல இடத்தையும் அவர்களே காட்டுவார்கள்.

அபாயங்களில் முதன்மையானது நீரே. பல ஏரிகளில் மண்ணெடுத்த குழிகள் உண்டு. முழங்காலளவு நீரில் நடப்பவன் அடுத்த அடியில் ஆளாழத்தில் விழுவான். மழைக்குப்பின் அக்குழிகள் கண்ணுக்குத் தெரியா. பிள்ளைகளை நீரில் இறங்க விடவேண்டாம்; சிறுவர்க்கு மிதவைச் சட்டை அணிவிப்பது நலம்; நீண்ட கயிறு ஒன்றை எப்போதும் கையோடு வைத்திருங்கள். சங்கமம், மேகதாட்டுப் பகுதியில் காவிரி பாறைகளுக்கிடையே ஒடுங்கிப் பாய்கிறது. மேலே அணைகளில் நீர் திறந்தால், வானம் தெளிவாயிருக்கையிலேயே ஆறு உயரும். பல உயிர்களைக் கொண்ட இடம் அது. குடும்பத்தோடு நீரில் இறங்குவதற்கு உரியது அன்று.

சித்திரை வைகாசிப் பிற்பகலில் மேற்கே மேகம் கறுத்தால் உடனே தூண்டிலைக் கீழே வையுங்கள். இக்காலத்துக் கரியிழைத் தூண்டிற்கோல்கள் மின்சாரத்தைக் கடத்தும். திறந்த ஏரிக்கரையில் அதை உயர்த்திப் பிடித்து நிற்பது இடியை அழைப்பதற்கு ஒப்பாகும். தனிமரத்தடியிலும் ஒதுங்கலாகாது, வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ செல்லுங்கள்.

பயண ஏற்பாடு

தூரம் ஒருவழிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமல் இருப்பது நல்லது. கோடையாயின் நான்கு மணிக்கே புறப்பட்டு, ஒன்பதுக்குள் தூண்டிலை முடித்து, நிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்து, வெயில் முற்றுமுன் வீடு திரும்பலாம். புளியோதரையும் தயிர்சாதமும் குடிநீரும் எடுத்துச் செல்லுங்கள். பிடித்த மீனைப் பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். குடலையும் செவுளையும் அங்கேயே நீக்கிப் புதைத்துவிட்டால் வீடு வரும்வரை கெடாது. அறுந்த நரம்பைக் கரையில் எறியாதீர்கள். கொக்கும் முக்குளிப்பானும் அதில் கால் சிக்கிச் சாகின்றன.

தூண்டில் போட நேரமோ அனுமதியோ கிட்டாதவர்கள் கிருஷ்ணகிரி அணைக்குச் சென்று வரலாம். அணையை ஒட்டிய கடைகளின் மீன் வறுவல் புகழ்பெற்றது; பிள்ளைகளுக்கும் உற்சாகமான பயணம்.

அந்த அணைக்குச் செல்லும்போது ஒன்றை நினைத்துக்கொள்வது தகும். அங்கே தேங்கி நிற்பது தென்பெண்ணை நீர். பெங்களூரின் கிழக்குச் சரிவில் நம் வீட்டு வாசலைத் தாண்டி ஓடும் சாக்கடையும் அதே ஆற்றில்தான் சேருகிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் மழைக்காலங்களில் வெண்ணுரை மலைபோல் திரண்டு வயல்களில் படிவதை ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் படிக்கிறோம். அந்நீரைப் பாய்ச்சிப் பயிரிடுபவர்களில் நம் உற்றாரும் உறவினரும் உண்டு. மேற்குச் சரிவின் நீரோ காவிரியோடு மேட்டூருக்குச் செல்கிறது. எண்ணெயும் மருந்தும் சாயமும் கழிவுக்குழாயில் கொட்டாதிருப்பது ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் உள்ளது. சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடுகிறதா என்று அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்டத்தில் எழுந்து கேட்பதும் நம் கையில் உள்ளதே. தூண்டில் பிடிக்கக் கற்ற பிள்ளைக்கு இதை விளக்கிச் சொல்வது எளிது. நீர் கெட்டால் மீன் இல்லை என்பதை அவன் கரையிலேயே கண்டிருப்பான்.